கை கழுவ ஓர் இடம்

வியாசர்பாடி,
சென்னை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்கள். இப்போது டிவியில் கீழே ஓடுகிற எழுத்தை எல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். அடுப்படியில் இருக்கிற எனக்கும் ஊர்ச் செய்தி தெரிந்துவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். நைரோபியில் நீங்கள் கட்டப் போகிற பொதுக் கழிவறையைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீ குப்பை அள்ளுற வேலையிலேயே இருக்கிறவ, நாங்க எதை மறந்திருப்போம்னு சொல்லும்மா" என்றாய். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணி வந்துவிட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். நேரம் இருந்திருந்தாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய அறிக்கையைத் தம்பி படித்து எனக்குத் தமிழில் சொன்னான். உலகத்தில் 210 கோடி பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. 340 கோடி பேருக்குப் பாதுகாப்பான கழிவறை வசதி இல்லை. வீட்டில் சோப்பும் தண்ணீரும் வைத்துக் கை கழுவ வழியில்லாதவர்கள் 170 கோடி. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த 2024 வரைக்குமான கணக்கு. கேட்டுவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தேன். இந்தக் கணக்கு வீட்டை வைத்து எடுத்தது. நம் வீட்டுக்கு வந்து கேட்டால் குழாய் இருக்கிறது, கழிவறை இருக்கிறது, சோப்பு டப்பா இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்கள். அது உண்மையும்தான். ஆனால் காலையில் ஆறு மணிக்கு டிவிஷன் ஆபீஸில் வருகைப் பதிவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு பேட்டரி வண்டியை எடுத்தால், மதியம் இரண்டு மணி வரைக்கும் எனக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. என் கை ஊர்க் குப்பைக்குள் இருப்பது அந்த நேரத்தில்தான். அந்த நேரத்தை யாரும் எண்ணவில்லை. நீ எண்ண வேண்டும் என்பதுதான் என் பதில். மீதி எல்லாம் அதற்கு விளக்கம்.

கவரை அவிழ்த்தால் என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஆனால் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களிடம் சொல். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கிற வீடு கொஞ்சம்தான். பழைய சோறு, கோழிக் கழிவு, குழந்தையின் டயப்பர், பேப்பரில் சுற்றாத நாப்கின், உடைந்த ட்யூப்லைட் எல்லாம் ஒரே முடிச்சில் வரும். அதைக் கையால்தான் பிரிக்க வேண்டும். கையுறை போடுவதில்லை என்று எங்களைத் திட்டுவார்கள். கொடுக்கிற கையுறை ஆம்பளைக் கைக்குச் செய்தது, பாப்பா. என் விரல் உள்ளே போனபிறகும் நுனியில் ஒரு அங்குலம் காலியாக மடங்கித் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு பால் கவரையும் வாழைத்தோலையும் பிரிக்கவே முடியாது, நழுவும். வெயிலில் உள்ளே வேர்த்து ஊறி, கழற்றினால் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும், விரல் இடுக்கெல்லாம் எரியும். சரி என்று கழற்றி வண்டியில் மாட்டிவிடுவோம்.

போன மழைக்காலத்தில் கோடி வீட்டு அக்காவுக்கு உள்ளங்கையில் ஊசி குத்திவிட்டது. யாரோ சர்க்கரை நோய்க்காரர் மூடி போடாமல் வீசிய இன்சுலின் ஊசி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நர்ஸம்மா முதலில் கேட்டது, "குத்தினதும் ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவினீங்களா?" அதுதான் முதல் வைத்தியமாம். உடனே செய்ய வேண்டியதாம். நாங்கள் நின்ற தெருவில் தண்ணிக்கு எங்கே போவது? இரண்டு தெரு தள்ளி ஒரு அடிபம்பு, அதில் அடித்தால் காற்றுதான் வந்தது. அக்கா புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்றிலிருந்து நான் ஒரு சோப்புத் துண்டை மருந்து டப்பாவில் போட்டு இடுப்புப் பையில் வைத்திருக்கிறேன். தண்ணீரைத்தான் வைத்துக்கொண்டு திரிய முடியவில்லை.

தண்ணீர் கேட்டால் வீடுகளில் தருவார்கள். தராதவர்கள் குறைவு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் சொம்பைக் கையில் கொடுக்காமல், படியில் நின்று மேலேயிருந்து ஊற்றுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நான் கையைக் குவித்துக் குனிந்து நிற்க வேண்டும். என் கை அழுக்கு என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று நீ சொல்லலாம். குளித்துவிட்டு நல்ல புடவையில் சங்கக் கூட்டத்துக்கு அழைக்கப் போனபோதும் அதே வீட்டில் அப்படித்தான் ஊற்றினார்கள். 1927 மார்ச்சில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு போய், மகாட் ஊரில் சாதியைச் சொல்லித் தொட விடாத சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். நூறு வருஷம் ஆகப் போகிறது. தண்ணீரும் கழிவறையும் மனித உரிமை என்று 2010 ஜூலையில் ஐ.நா. சபையில் தீர்மானம் போட்டார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். யாரிடமும் குனியாமல் நானே ஒரு குழாயைத் திறந்து கழுவ வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்புறம் கழிவறை. இதைத் தம்பியிடம் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்கிறேன். வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் ஒரு டம்ளர் டீயோடு நிறுத்திக்கொள்வோம். சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் போக வேண்டும், போக இடம் இல்லை. பெரிய பிளாட்டுகளில் வாட்ச்மேன் உள்ளே விட மாட்டார், விட்டால் அவர் வேலை போய்விடும். மாதவிலக்கு நாளில் காலையில் வைத்த துணியோடு மதியம் வரைக்கும் தள்ளுவோம். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் செட்டில் யாரும் இல்லை. டாக்டர் நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி எழுதித் தருகிறார். ராயபுரத்துப் பக்கம் வேலை செய்தபோது ஒரு பாய் வீட்டு நன்னிம்மா எங்களுக்காகப் பின்பக்கக் கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பார்கள். ஒரு பக்கெட் தண்ணீரும் இருக்கும். அந்தம்மா இறந்து வீடு கைமாறியதும் அந்தத் தெருவுக்குப் போகவே எங்களுக்குப் பயமாகிவிட்டது.

இனி சாக்கடைக்காரர்கள் பற்றி. உங்கள் கழிவறையிலும் குழி நிறையும், யாராவது எடுக்க வேண்டும். அதனால் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய உங்கள் மாமாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தெரிந்ததுதான், ஆனாலும் அது எப்படி நடக்கிறது என்று மாமாவிடம் போன வாரம் மறுபடி உட்கார்ந்து கேட்டேன். காற்றுப் புகாமல் கழிவு தேங்கிக் கிடந்தால் அதில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். மேலே நின்று மூடியைத் திறந்தால் கொஞ்சம்தான் வரும். உள்ளே இறங்கிச் சேற்றைக் கிளறினால் குபீர் என்று கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. மாமா சொன்னான்: "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லக்கா. நாத்தம் நின்னுடுச்சுன்னாதான் பயம்." அன்றைக்கு நாற்றம் நின்றது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, கயிற்றை இழுத்தது ஞாபகம் இல்லை. மேலே இருந்தவர் பதறிக் குதிக்காமல் கயிற்றைப் பிடித்து இழுத்ததால் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். காப்பாற்ற இறங்குகிறவர்தான் அடுத்துச் சாகிறார், எத்தனை செய்தி அப்படி வந்திருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒன்று, 2013-ல் இன்னொன்று. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரைக்கும் சிறை. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இதற்கெல்லாம் பின்னால் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடும் பெஸ்வாடா வில்சன் போன்றவர்கள் வாழ்நாளையே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் செத்த பிறகு வருகிற பணத்தைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு, இறங்காமல் எடுப்பது எப்படி என்று பேசுவதில்லை என்பது என் வருத்தம். நம் பக்கத்துச் சந்துகளில், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கிற ஜெட்டிங் லாரி நுழையாது. லாரி நுழையாத சந்தில் ஆள் நுழைவான். வீடு கட்டும்போதே அது முடிவாகிவிடுகிறது.

நல்ல தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் ஆபீஸில் கேட்டால், நம் தெருவைச் சொல். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, இரண்டும் பழசு. தண்ணீர் விடும்போது குழாயில் அழுத்தம் இருக்கும், ஒன்றும் உள்ளே வராது. நிறுத்தியதும் குழாய் காலியாகும். அப்போது சாக்கடை அடைத்து மண்ணுக்குள் தேங்கி நின்றால், விரிசல் வழியாக அதைக் குடிநீர்க் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் குடம் நாறும். கொட்டிவிட்டு அடுத்த குடத்தை வைப்போம். அடைப்பு எடுக்க வருகிறவர் ஒரு நாள் தாமதித்தால் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நம் குடத்துத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி வைத்திருப்பவர் அவர்தான். அவருக்குக் கை கழுவ இடம் இல்லை என்றால் அந்தத் திட்டத்தைப் பாதுகாப்பான குடிநீர்த் திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. இதையெல்லாம் கேட்பதற்கு வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது என்று மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. கூலிப் பிரச்சினை என்று பலபேர் நினைத்தார்கள். கூலியும்தான். ஆனால் நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவள் மேஸ்திரியிடம் போய்க் கழிவறை கேட்க மாட்டாள். கேட்ட ஒருத்தி அடுத்த வாரம் வேறு டிவிஷனுக்குப் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்கள் கழிவறையைச் சுத்தம் செய்ய யாரை வைக்கப் போகிறீர்கள், மாதச் சம்பளமா, நாள் கூலியா, எத்தனை வருஷத்துக்கு, இதைக் கட்டடம் கட்டும் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கு.

நீ அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்களுக்கு அதிக அறை வைத்திருக்கிறாய், சாய்தளம் வைத்திருக்கிறாய், பெருமையாக இருந்தது. ஓரத்தில் துடைப்பம், பக்கெட் வைக்க ஒரு சின்ன அறை போட்டிருக்கிறாய். துடைப்பம் பிடிக்கிறவளுக்கு அறை இல்லை. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு துணி மாற்ற, குளிக்க, ஒரு குழாயும் சோப்பும் வைத்து அவளுக்கு ஓர் அறை போடு. அதற்குத் தண்ணீர்த் தொட்டியைத் தனியாக வை. 2019-ல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதல்லவா, தண்ணீர் குறைந்ததும் முதலில் எல்லாரும் விட்டது கை கழுவுவதைத்தான். அங்கேயும் மஞ்சள் கேனில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள் என்கிறாய், காசு போட்டு வாங்கிய தண்ணீரைக் கூலிக்காரியின் கைக்கு யாரும் ஊற்ற மாட்டார்கள். குழியின் மூடி, லாரியின் குழாய் எட்டுகிற பக்கம் இருக்கட்டும். லாரி எது வரைக்கும் வரும் என்று கயிற்றைப் பிடித்து நீயே அளந்து பார், படத்தை நம்பாதே. கையுறையும் பூட்சும் வாங்குமுன் அந்தப் பெண்களின் கையையும் காலையும் அளவெடு. இப்போது அங்கே குழி எடுக்கிறவர்கள் யாரோ இருப்பார்கள், பெரும்பாலும் ராத்திரியில் வருகிறவர்களாக இருப்பார்கள். வரைபடத்தை முதலில் அவர்களிடம் காட்டு. எனக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

திருத்திய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு, எங்கள் செட்டுப் பெண்களிடம் காட்டுகிறேன், அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது, ஆயாவின் சொட்டு மருந்துக்கும் தம்பி பீஸுக்கும் எடுத்தேன். உனக்கு ரசப்பொடி அரைத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆபீஸ் பையன் டிசம்பரில் வருகிறான் என்றாயே, அவன் நம்பரைக் கொடு, கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா