எண்ணெய் மட்டும் தடவாதே

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றித் தனியாக எழுது. இப்போது எனக்குத் தலைபோகிற விஷயம் வேறு.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. அந்தத் தோல் துப்பாக்கி உறை, வால்தர் பி.38 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கியுடையது என்று கர்னல் தீர்ப்புச் சொன்னாராமே! அவர் எதற்குத்தான் தீர்ப்புச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? சேது, அது லூகர் உறை. லூகரும் ஜெர்மன் கைத்துப்பாக்கிதான், படையில் அதன் பெயர் பி.08. பின்பக்க முத்திரையில் 'பி' மட்டும் மிஞ்சி, எண் தேய்ந்துபோனதால் வந்த குழப்பம் இது. முத்திரை போனால் போகட்டும், மூடியின் உட்புறத்தைப் பார். ஒரு சின்னப் பை தைத்திருக்கிறதே, அது லூகரைக் கழற்றும் கருவியை வைப்பதற்கு. பி.38-க்கு அந்தக் கருவியே வேண்டியதில்லை. ஆகவே அதன் உறையில் அப்படியொரு பையும் கிடையாது.

இன்னொரு சாட்சி ஆண்டு. 1938 என்று தெளிவாகத் தெரிகிறது. பி.38 படையினர் கைக்குப் பெருமளவில் வந்தது 1940 வாக்கில்தான். பிறக்காத பிள்ளைக்கு யார் சட்டை தைப்பார்கள்? தயாரிப்பாளர் பெயரும் ஊரும் முழுதாக இருப்பதும் பொருந்துகிறது. போர்க்காலத்தில் பெயரை எடுத்துவிட்டு எழுத்துக் குறியீடுகளைப் போட ஆரம்பித்தார்கள். ஜெர்மன் படையின் சோதனை அடையாளமான கழுகு முத்திரைக்குக் கீழே இருக்கும் எண்ணை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் மறுபடி படமெடுத்து அனுப்பு.

படத்தில் உள்ள இன்னொன்று, அந்தக் கித்தான் உறை, பிரிட்டிஷ் 1937 மாதிரி. அரசு உடைமையைக் காட்டும் அம்புக்குறி 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடாவில் செய்தது. ஜப்பானிய நம்பு கைத்துப்பாக்கியின் உறை ஏதாவது அகப்பட்டால், அதிலுள்ள ஷோவா ஆண்டோடு, அதாவது அவர்கள் பேரரசரின் ஆட்சியாண்டோடு, 1925-ஐக் கூட்டிக்கொள். 18 என்றால் 1943. போர் முற்றியபோது அவர்கள் தோலுக்குப் பதிலாக ரப்பர் பூசிய கித்தானில் உறை தைத்தார்கள். ஒரு நாட்டின் தட்டுப்பாடு அதன் துப்பாக்கி உறையில் தெரிவதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இனிதான் என் கவலை. கர்னல் அந்த லூகர் உறைக்கு எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்கித் தருவதாகச் சொன்னாரென்று கடைசி வரியில் சாதாரணமாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் சேது, கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணெய் ஊறினால் பழைய தோல் கருத்துத் தொய்ந்துபோகும், தையல் நூல் பலமிழக்கும், மங்கலான முத்திரை அடியோடு மறையும். பித்தளை பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு பூக்கும். உலர்ந்த மென்துணியால் தூசு தட்டு, போதும். தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வடிவம் கெடாமல் வை. அமிலம் இல்லாத தாளாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் மூடிவைக்காதே.

ஒரு சோதனை பாக்கி. இருட்டறையில் புறஊதா விளக்கைத் தையல்மேல் காட்டிப் பார். நூல் நீலமாக ஒளிர்ந்தால் பிற்காலத்தில் தைத்ததாக இருக்கலாம். ஒளிராவிட்டால் உடனே எனக்குத் தொலைபேசியில் சொல். அதுவரை அதைக் கர்னல் கண்ணில் படாத அலமாரியில் வை. கோபித்துக்கொண்டால் நான் சொன்னேன் என்று சொல்லிவிடு.

உன்,
மூர்த்தி