வியர்வை உடையும் கால்கட்டையும் இனி எங்கள் கடையில் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

இந்த மாதத்தில் இருந்து எங்கள் மட்டக்களப்புத் தற்காப்புக்கலைச் சாமான் கடையில் இரண்டு பொருள்கள் கிடைக்காது. ஒன்று, எடை குறைப்பதற்கென்று ‘சோனா சூட்’ என்று கேட்டு வாங்கும் பிளாஸ்டிக் வியர்வை உடை. மற்றது, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் உருட்டி உரம் ஏற்றுவதற்கென்று வரும் மரக்கட்டை. கையிருப்பில் இருந்ததையும் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். “காசு தாறம், விற்க என்ன கஷ்டம்?” என்று சிலர் கோபப்பட்டார்கள். கல்முனையில் இருந்து பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினால் கோபம் வரத்தான் செய்யும். காரணத்தை ஒவ்வொருவரிடமும் கல்லாவில் நின்று சொல்லி முடிப்பதைவிட எழுதி அனுப்புவது நல்லது என்று தோன்றியது.

முன்பு எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளை உடுப்பும் பெல்ட்டும் வாங்குகிற கராத்தே மாணவர்கள். தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டி அவர்களுடையது. இப்போது கிக் பொக்சிங், தாய்லாந்துச் சண்டையான முவாய் தாய், கியோகுஷின் கராத்தே என்று முழு அடி விழும் சண்டைகளுக்குப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் சீனடி, சிலம்படி போன்ற நமது ஊர்ச் சண்டைக் கலைகளைப் பழகிவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் காலடி வைக்கும் முறை ஏற்கெனவே வடிவாக இருக்கும். ஆனால் முழு அடி வாங்க உடம்பு வேறு விதமாகத் தயாராக வேண்டும். கியோகுஷினில் கையுறை கிடையாது. கையால் முகத்தில் குத்தக் கூடாது, ஆனால் நெஞ்சிலும் தொடையிலும் அடி தாராளமாக விழும். முவாய் தாயில் 3 நிமிடச் சுற்று ஐந்து, இடையில் 2 நிமிட ஓய்வு. இப்படிப்பட்ட சண்டைக்கு ஆறு வாரத்தில் தயாராக வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால், எதை விற்றாலும் அது பொய்தான். அந்த அவசரத்தை நம்பித்தான் மேலே சொன்ன இரண்டு பொருள்களும் விற்கப்படுகின்றன.

கால்கட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். சோடாப் போத்தலால் உருட்டுவது, வேலிக் கம்பால் தட்டுவது எல்லாம் இதே சாதிதான். சுமை ஏறினால் எலும்பு அதற்கேற்ப உறுதியாகும் என்பது உண்மை. ஜூலியஸ் வொல்ப் என்ற ஜெர்மன் சத்திர சிகிச்சை நிபுணர் 1892இலேயே இதை விரிவாக எழுதினார். ஆனால் எப்படி உறுதியாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீதி திருத்துகிறவர்கள் பழைய தாரைக் கிளறி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடுவார்கள் அல்லவா, எலும்பும் அப்படித்தான். நுண்ணிய சேதம் வந்த இடத்தை உடம்பு முதலில் அரித்து எடுக்கும். அதற்குச் சில வாரங்கள் போகும். பிறகு அந்த இடத்தில் புது எலும்பை நிரப்ப மாதக்கணக்காகும். நடுவில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். கட்டையை உருட்டி உருட்டி “வலி குறைந்துவிட்டது, கால் இரும்பாகிவிட்டது” என்று பொடியன்கள் சந்தோஷப்படுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வலி குறைவது எலும்பு உரமானதற்கு அடையாளம் இல்லை. எலும்பை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை நசுக்கி வீங்க வைப்பதைத்தான் கட்டை நன்றாகச் செய்கிறது. அப்புறம் ஒரு நாள் எதிராளியின் முழங்காலில் உதைபட்டு வெடிப்பு விழுந்தால், பிளாஸ்டர் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

முவாய் தாய்க்காரர்களின் கால் அப்படி ஆனதற்குக் காரணம், சின்ன வயதில் இருந்து தொங்கும் பயிற்சிப் பையில் உதைத்த உதைகள். வருடக்கணக்கில் ஆயிரம் ஆயிரமாக. அதற்குக் கட்டை தேவையில்லை, பை போதும். ஆனால் அந்தப் பை எப்படிப்பட்டது என்பது முக்கியம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் அதிகம் பிழைப்பது இதில்தான்.

அரிசிச் சாக்கில் கல்லடிக் கடற்கரை மண்ணை நிரப்பி மாமரக் கொப்பில் தொங்கவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. முதல் கிழமை நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒவ்வொரு உதைக்கும் மண் கீழே இறங்கும். மேல்பாதி தொளதொளக்கும், கீழ்பாதி கல்லாகிவிடும். உதைக்கிற கால் படுவது அந்தக் கீழ்பாதியில். மழை நனைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்களிடம் வெறும் பையை மட்டும் வாங்கிப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, தையல் கடைகளில் கேட்டால் தருகிற வெட்டுத் துணிதான் நல்ல நிரப்பு. பொத்தான், சிப் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடுங்கள். பெரிய துண்டுகளைப் பையின் சுவரை ஒட்டிச் சுற்றி அடுக்கி, சின்னத் துண்டுகளை நடுவில் போடுங்கள். ஒரு சாண் உயரம் நிரம்பியதும் உலக்கையால் இடித்து அமுக்குங்கள். மறுபடி ஒரு சாண், மறுபடி இடி. முழுவதையும் கொட்டிவிட்டு மேலால் இடித்தால் நடுவில் பள்ளம் விழும். இரண்டு மூன்று கிழமையில் துணி கீழே அமர்ந்துவிடும், அப்போது மேலே இன்னும் கொஞ்சம் நிரப்பலாம். பையின் நிறை உங்கள் உடல் எடையில் பாதி அளவில் இருந்தால் போதும். மாரி தொடங்கியதும் உள்ளே எடுத்து வையுங்கள். ஈரம் ஏறிய துணி நாறும், பாரமும் கூடும்.

தகரக் கூரை வீட்டு வளையில் பையைக் கட்ட வேண்டாம். ஆடுகிற பை வளையை இழுத்து ஆணியைக் கழற்றும், சுவரும் வெடிக்கும். வெளியில் இரண்டு தூண் நட்டு மேலே குறுக்குச் சட்டம் போடுவது கொஞ்சம் செலவுதான், ஆனால் வீடு மிஞ்சும்.

இனி வியர்வை உடை. நமது ஊர் வெக்கையைச் சொல்லத் தேவையில்லை. கச்சான் அடிக்கிற மாதங்களில் பின்னேரம் நாலு மணிக்குக்கூடத் தரை கொதிக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் காற்றிலேயே ஈரம் கூட, வியர்வை காய்வதே மெதுவாகத்தான். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினால் சூடு வெளியே போக வழியே இல்லை. தராசில் குறைவது தண்ணீர் மட்டும்தான், கொழுப்பு இல்லை. இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தால் அத்தனையும் திரும்பி வந்துவிடும். 1997இல் அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழக மல்யுத்த வீரர்கள், ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடிய காலத்துக்குள், போட்டி எடைக்கு இறங்குவதற்காக இப்படி உடம்பைக் காயவைத்து இறந்தார்கள். அதன் பிறகு அங்கே பல்கலைக்கழக மல்யுத்தத்தில் இந்த உடையைத் தடைசெய்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியாளரும் வைத்திய வசதியும் பக்கத்திலேயே இருந்தன. நமது பிள்ளைகள் கடற்கரையில் தனியாக ஓடுகிறார்கள்.

வெக்கைக்கு உடம்பைப் பழக்கலாம். பத்துப் பதினான்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிப் பயிற்சி செய்தால் உடம்பு தானாகவே பழகிக்கொள்ளும். அது பெரும்பாலும் சாதாரணப் பருத்தி பெனியனோடு நடக்கிற வேலை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை, ஒரே மூச்சில் இல்லாமல், ஆறுதலாகக் குடியுங்கள். உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ இதற்கு நல்லது, வண்ணத் தண்ணீர்ப் போத்தல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. நோன்பு மாதத்தில் பழகுகிற தம்பிமார் கடினமான பயிற்சியை நோன்பு திறந்து கொஞ்சம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், பகலில் நுட்பம் மட்டும் போதும். யாராவது வெயிலில் ஓடித் தடுமாறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள், இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். அம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

கடற்கரை ஓட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளர்ந்த மணலில் ஓட, கட்டித் தரையில் ஓடுவதைப்போலச் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும். மூச்சுக்கு நல்லது, குதிகால் தசைநாருக்குச் சோதனை. புதியவர்கள் அலை நனைத்த இறுகிய மணலில் தொடங்குங்கள். கரை கடல் பக்கம் சரிந்திருக்கும் என்பதால் போன தூரமே திரும்பியும் ஓடுங்கள், ஒரே காலுக்குப் பாரம் விழாது. சுற்றுக்கு 3 நிமிடம் என்கிற சண்டையில் மூச்சுத்தான் முதலில் கைவிடும். கிழமையில் இரண்டு மூன்று நாள் பேச்சு வராத அளவுக்கு மூச்சு வாங்காமல் நீளமாக ஓடுவதும், ஒரு நாள் 3 நிமிடம் வேகமாக, 1 நிமிடம் ஆறுதலாக என்று கயிறு அடிப்பதும் பலருக்குப் போதுமானது. கயிறு எங்களிடம் வாங்கவேண்டும் என்றுகூட இல்லை.

சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஏறாவூரில் இருந்து வந்த ஒரு அம்மா, பத்து வயது மகனின் கையைப் பிடித்து எங்கள் மேசையில் வைத்து, “தம்பி, இவன்ட விரல் முட்டி ஏன் இன்னும் தடிக்கல்ல? சீமெந்துத் தரையில ஒவ்வொரு நாளும் முட்டி ஊன்றித் தண்டால் எடுக்கிறானே” என்று கேட்டார். நான்கு முட்டியும் சிவந்து தோல் உரிந்திருந்தது. வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக்கான குருத்தெலும்பு இன்னும் இறுகாமல் இருக்கும், பதின்வயது முடிகிற நேரத்தில்தான் அது மூடும். அதுவரைக்கும் முட்டியைத் தடிக்க வைப்பதும் முழு அடி வாங்குவதும் வேண்டாம். நுட்பம், கயிறு, உடம்பு எடையைக் கொண்டு செய்கிற பயிற்சி, இவை போதும். அந்த அம்மாவுக்கு அன்று நாங்கள் ஒன்றும் விற்கவில்லை, பாய் விரித்து உள்ளங்கையை ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்லி அனுப்பினோம்.

கையுறை வாங்க வந்தால் நாங்கள் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம் என்று சிலருக்கு எரிச்சல். அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டியில் எடையைப் பொறுத்து 10 அல்லது 12 அவுன்ஸ் போடுவார்கள் என்பதற்காகக் கிளப்பில் இருவர் மோதிப் பழகவும் அதையே கேட்கிறார்கள். பெரியவர்கள் மோதிப் பழக 16 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 450 கிராம், வாங்குங்கள். பஞ்சு கூட இருக்கும், உங்கள் தோழன் நாளைக்கும் பயிற்சிக்கு வருவான். தலைக்கவசம் வாங்கிவிட்டால் மூளைக்குப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். தோல் கிழிவதை அது தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆண்கள் உயர்மட்டக் குத்துச்சண்டையில் 2013இல் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் மோதினார்கள். தலையில் அடிபட்டு ஒருவர் மயங்கினாலோ, நடந்தது நினைவில்லை என்றாலோ, அன்று அவருக்குப் பயிற்சி முடிந்தது. “ஓம், நான் ஓகே” என்று அவர் சொன்னாலும் முடிந்ததுதான். வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்கிற நாளில், ஓட்டத்தில் இருந்து படிப்படியாகத் திரும்ப வேண்டும். கழுத்துக்கான பயிற்சியை நமது கிளப்புகளில் பலர் மறந்துவிடுகிறார்கள், அதையும் உங்கள் மாஸ்டரிடம் கேளுங்கள்.

வியர்வை உடைக்கு முன்பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டோடு வந்தால் காசைத் திருப்பித் தருவோம், அல்லது அதே பெறுமதிக்கு வேறு சாமான் எடுக்கலாம். பை நிரப்பித் தரச் சொல்கிறவர்கள் வெட்டுத் துணியைக் கொண்டு வந்தால் நாங்களே இடித்து நிரப்பித் தருவோம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த வேலை இல்லை. கையுறை அளவு பார்க்க வருகிறவர்கள் உங்கள் கைப்பட்டியைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். நாலரை மீற்றர்ப் பட்டியைச் சுற்றிய பிறகு கை ஒரு அளவு கூடிவிடும், வெறுங்கையில் போட்டுப் பார்த்து வாங்கிப் போனதை மறுநாள் மாற்ற வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம்.

இப்படிக்கு,
கடைக்காரர்,
மட்டக்களப்பு