நிமிடத்தோடு தடிமனையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றரை மாதத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ‘ஆரஞ்சு கிளேஸ் சால்மன்’ (பளபளக்கும் ஆரஞ்சுப் பூச்சு தடவிய சால்மன் மீன்) குறிப்பைப் பார்த்துச் செய்து, வீட்டில் மானம் போனதால் இதை எழுதுகிறேன். குறை சொல்வதற்காக மட்டும் இல்லை. அந்தக் குறிப்பில் விட்டுப்போன ஒரு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான்.

குறிப்பு சொன்னது இவ்வளவுதான்: எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு, தேன் மூன்றையும் கலந்து அதில் மீனை இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். அதையே மேலே தடவி 200 டிகிரியில் 25 நிமிடம் ஓவனில் வையுங்கள். பக்கத்திலேயே கண்ணாடி போல மின்னும் மீனின் படம்.

வரிக்கு வரி அப்படியே செய்தேன். ஊறிய மீனை வெளியே எடுத்தபோதே ஓரமெல்லாம் வெளுத்து, பாதி வெந்த மாதிரி இருந்தது. சரி, ஓவனில் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் கருகல் வாடை வந்தது. குறிப்பில் 25 என்று போட்டிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே எடுத்தால் தேன் ட்ரேயோடு தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. மீனின் பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ கசிந்து உறைந்திருந்தது. உள்ளே பஞ்சு. என் கணவர் “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று முறை தண்ணீர் கேட்டார்.

நான் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் 27 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனை கிராம் என்று எழுதாமல் எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும் என்று மட்டும் எழுதிய செய்முறைத் தாளை எங்கள் ஆசிரியை முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த நினைப்பு வந்ததும் பழைய ஸ்கேலை எடுத்து, மிச்சமிருந்த இன்னொரு மீன் துண்டை அளந்து பார்த்தேன். நடுவில் இரண்டரை சென்டிமீட்டர். வால் பக்கம் ஒன்றுகூட இல்லை. ஒரே துண்டிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் 25 நிமிடம் என்பது எந்த மீனுக்கு எழுதியது?

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கனடாவின் மீன்வளத் துறை வெகு காலத்துக்கு முன்பே ஒரு கணக்கைப் பரப்பியிருக்கிறது. மீனின் மிகத் தடித்த இடத்தை அளந்து, ஓர் அங்குலத்துக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சொன்னது 230 டிகிரிச் சூட்டுக்கு. சால்மனுக்கு அதுவே கொஞ்சம் அதிகம் என்பது என் அனுபவம். ஆனால் ஸ்கேலில் ஆரம்பிக்கச் சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் அந்தக் கணக்கு நிற்கிறது.

அதற்கப்புறம் மூன்று முறை செய்துவிட்டேன். மூன்றாவது முறை கணவர் தண்ணீர் கேட்கவில்லை.

முதலில் அந்த வெள்ளைக் கசிவைப் பற்றி. மீன் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தவர்கள் என்னைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள். அது அல்புமின் என்னும் புரதம். வேகும்போது சதை இறுகி அதை வெளியே பிழிந்து தள்ளுகிறது, அது முட்டையின் வெள்ளைக்கரு போல மேலே உறைகிறது. சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது. ஆனால் நிறைய வந்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து, மீனை அதில் பத்து நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்தால் இந்தக் கசிவு நன்றாகக் குறைகிறது. உப்பும் உள்ளே சேர்ந்துவிடும், தனியாகத் தூவ வேண்டியதில்லை. துடைப்பதை மட்டும் சோம்பேறித்தனமாகச் செய்யாதீர்கள். மேலே ஈரம் இருந்தால் பூச்சு வழுக்கிக்கொண்டு ட்ரேக்குப் போய்விடும். துடைக்கும்போதே விரலை நடுக்கோட்டில் ஓட்டிப் பார்த்து, நெருடும் முள்ளை ட்வீசரால் பிடுங்கிவிடலாம்.

சாற்றில் ஊறப்போடும் வேலையே வேண்டாம். வெப்பம் செய்வதைப் புளிப்பும் செய்யும். அமிலம் பட்டால் மீனின் புரதம் உருக்குலைந்து இறுகிவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் வெளுத்துப்போனது அதனால்தான். மீனுக்கு எலுமிச்சை பொருத்தமில்லை என்று சொல்லவில்லை. மீன்வாடையைத் தரும் பொருள் அமிலத்துக்கு நேரெதிரான காரத்தன்மை உள்ளது, அமிலம் பட்டதும் அடங்கிவிடும். ஆய்வகத்தில் லிட்மஸ் தாளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்த கைக்கு இதை நினைத்தால் ஒரு சந்தோஷம். ஆனால் அதற்குக் கடைசியில் கொஞ்சம் பட்டால் போதும்.

இப்போது பூச்சு. இரண்டு ஆரஞ்சின் சாறு எனக்கு 150 மில்லி வந்தது. பிழிவதற்கு முன்பே தோலைத் துருவி எடுத்துக்கொள்ள வேண்டும். பிழிந்த பிறகு தொளதொளத்த மூடியைத் துருவிப் பாருங்கள், விரல்தான் துருவும். மேலே இருக்கும் நிறமுள்ள தோல் மட்டும் போதும், அடியில் இருக்கும் வெள்ளை கசக்கும். சாற்றைச் சின்ன வாணலியில் ஊற்றி, 50 மில்லியாக வற்றும்வரை கொதிக்க விட்டேன். ஏழெட்டு நிமிடம் பிடித்தது. அதில் ஒன்றரை மேசைக்கரண்டி தேன், துளி உப்பு, நசுக்கிய இஞ்சி கொஞ்சம். கரண்டியின் பின்பக்கத்தை நனைத்து நடுவில் விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றதும் அடுப்பை அணைத்தேன். சூடாக இருக்கும்போது தண்ணீர் போலத் தெரிந்தாலும் ஆறினால் கெட்டியாகிவிடும், அதனால் ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஆசைப்படக் கூடாது. முதல் தடவை ஆசைப்பட்டேன், பாகு மிட்டாயாகிவிட்டது.

அணைத்த பிறகுதான் துருவிய தோலும், எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டியும். ஆரஞ்சின் மணம் தோலில் இருக்கும் எண்ணெயில் இருக்கிறது. கொதிக்கவிட்டால் சமையலறை முழுக்க மணக்கும், தட்டில் ஒன்றும் இருக்காது.

ட்ரேயில் பட்டர் பேப்பர் போடுங்கள். உங்கள் குறிப்பில் அலுமினிய ஃபாயில் என்று இருந்தது. புளிப்புச் சாறு அதை அரிக்கும். என் ஃபாயிலில் சாம்பல் நிறப் புள்ளிகளும், ஓரிடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டையும் விழுந்திருந்தன.

ஓவனை 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, மீனின் தோல் கீழே இருக்கும்படி வைத்து, மெல்லிய வால் பகுதியை அடியில் மடித்துவிட்டேன். இரண்டரை சென்டிமீட்டர் துண்டுக்கு முதல் எட்டு நிமிடம் பூச்சே கிடையாது, மேலே எண்ணெய் மட்டும். அப்புறம் வெளியே இழுத்துப் பூச்சைத் தடவி இன்னும் நான்கு நிமிடம். தேனும் சாற்றுச் சர்க்கரையும் சீக்கிரம் கருகும் சாமான். நான்கு நிமிடத்தில் குமிழி விட்டு ஓரம் லேசாகச் சிவக்கும், அது போதும். எடுத்த உடனே மிச்சப் பூச்சை இன்னொரு கை தடவினால் உங்கள் படத்தில் இருந்த பளபளப்பு அப்படியே வருகிறது. படம் எடுத்தவருக்கு இது தெரிந்திருக்கிறது, குறிப்பு எழுதியவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை போல!

நான் நிமிடத்தையும் முழுதாக நம்பவில்லை. உணவுத் தெர்மாமீட்டரைத் தடித்த இடத்தில் பக்கவாட்டில் செருகி, 52 டிகிரி காட்டியதும் எடுத்துவிட்டேன். வெளியே ஐந்து நிமிடம் இருந்தபோது அதுவே 55-க்கு ஏறியது. விரலால் அழுத்தினால் சதை இதழ் இதழாகப் பிரிந்தது, நடுவில் மட்டும் இளஞ்சிவப்பு கொஞ்சம் ஆழமாக இருந்தது. 60-ஐத் தாண்டினால் சதை நீரை விட்டு வறண்டுபோகிறது. ஆனால் அமெரிக்க உணவுத் துறைகள் பாதுகாப்புக்குச் சொல்லும் அளவு 63 டிகிரி. அதனால் என் மருமகள் கர்ப்பமாக இருப்பதால் அவள் துண்டை மட்டும் 63 வரை விட்டேன். சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் இருக்கும் வீட்டிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். அவள் துண்டு கொஞ்சம் உலர்ந்துதான் இருந்தது, பூச்சைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டாள். தெர்மாமீட்டர் இருந்ததால்தான் ஒரே ட்ரேயில் இரண்டையும் செய்ய முடிந்தது.

கையோடு இன்னொன்றும் செய்தேன். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்ததில், திருகும் குமிழை 200-இல் வைத்தால் என் ஓவன் உள்ளே 215 காட்டியது. உங்கள் குறிப்பு கருகியதில் என் ஓவனுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழுப் பழியும் உங்கள் மேல் போட்டால் நியாயமாக இருக்காது.

இனிமேல் மீன் குறிப்பு எது வந்தாலும் ‘இத்தனை சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டுக்கு’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் ‘சுவையான’, ‘அசத்தலான’ இரண்டையும் எடுத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும். முடிந்தால், அந்த 25 நிமிட மீன் எத்தனை சென்டிமீட்டர் இருந்தது என்று எழுதியவரைக் கேட்டுச் சொல்லுங்கள். ஐந்து சென்டிமீட்டர் இருந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். அவ்வளவு தடித்த துண்டு கிடையவே கிடையாது என்கிறார் என் கணவர். இந்த வழக்கு இன்னும் எங்கள் வீட்டில் முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்