ஊரார் பார்க்காமல் பிணைத்தொகையைத் திருப்பித் தராதீர்கள்

அரசுக் கட்டுமானப் பணிகளுக்கு ஒப்பந்த விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டிய மலையடிவாரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஓடைப் பாலத்தைப் பற்றிய மனுக்கள் எல்லாம் உங்கள் கோப்புகளில் இருப்பதால் அதன் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. பாலம் நிற்கிறது, அதில் ஏறும் வழிதான் இல்லை. ஆனிச் சாரலில் உள்வாங்கிய இணைப்புச் சாலையில் தாருக்குக் கீழே சல்லி அடுக்கையே காணோம், உருளை ஓட்டாமல் கொட்டிய செம்மண்தான் இருந்தது. பெயர்ந்து கிடக்கும் பக்கச் சுவரை நகத்தால் சுரண்டினால் மணலாக உதிர்கிறது. அதன் நடுவே காலி சிமெண்ட் சாக்கு ஒன்று புதைந்திருப்பதை இன்றைக்கும் வந்து பார்க்கலாம்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். 108 வண்டி அக்கரையிலேயே நின்றுவிடுவதால், மகன்கள் இருவரும் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தூக்கிப் போகிறார்கள். திரும்பி வரும்போது, ஊசி போட்ட இடத்தில் தண்ணீர் தெறிக்காமலிருக்க, கரை ஏறும் வரை அவர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வருகிறார். ஓடையில் வெள்ளம் வந்தால் ஆறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

மாசி மாதமே விரிசலைக் கண்டு மனுக் கொடுத்தோம். யாரும் வந்து பார்க்கவில்லை. கட்டியதில் குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய உத்தரவாதக் காலம் வைகாசியில் முடிந்தது என்று, அதற்குப் பிணையாகப் பிடித்து வைத்திருந்த அவரது பிணைத்தொகை திருப்பித் தரப்பட்டது. ஆனியில் சாலை உள்வாங்கியது. இனிப் புதிய மதிப்பீடு போட்டு, புதிய நிதி வந்தால்தான் வேலை நடக்கும் என்கிறார்கள். ஒரே வேலைக்கு மக்கள் இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கடந்த பிறகு, ஊரார் முன்னிலையில் ஆய்வு செய்து, அதன் முடிவை எழுத்தில் வெளியிடாமல் எந்தப் பணியின் பிணைத்தொகையையும் திருப்பித் தரக் கூடாது. இது ஒப்பந்த ஆவணத்திலேயே நிபந்தனையாக இடம்பெற வேண்டும்.

விலை குறைவாகக் கேட்டவருக்கே வேலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான 1998ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமோ, ஆவணத்தில் முன்கூட்டியே அறிவித்த அளவுகோல்களின்படி மதிப்பிட்ட பிறகே குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. முன்பு கட்டியவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அந்த அளவுகோல்களில் ஒன்றாக்க எது தடுக்கிறது? டெண்டர் எடுத்தவர் ஒருவர், வேலை செய்தவர் வேறொருவர் என்ற உள் ஒப்பந்த வழக்கத்தில் பொறுப்பு எங்கே போய் நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

மலைக்கு அப்பால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016இல் திறக்கப்பட்டு, 2019 மே மாதமே மூடப்பட்டது. மறுகட்டுமானத்துக்கு 2020இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆனாலும் 2021 முதல் கேரளப் பொதுப்பணித் துறை, உத்தரவாதக் காலம், ஒப்பந்ததாரர், பொறியாளர், அவர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைச் சாலையோரப் பலகைகளில் எழுதி வைக்கிறது. எங்கள் பாலத்துக் கல்வெட்டில் திறந்து வைத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கட்டியவரின் பெயர் இல்லை. கட்டுமானப் பணியை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டமே குடிமக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் மனு எழுதி, மேல்முறையீடு செய்து அதைப் பெற வேண்டுமா? செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தையும் ஆய்வறிக்கையையும் நீங்களே ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கலாமே.

கோபத்தில் சொற்கள் கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். ஊரார் முன்னிலையில் ஆய்வு நடக்காமல் பிணைத்தொகையை விடுவிக்கக் கூடாது என்ற நிபந்தனையை இனி வரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சேர்க்குமாறும், ஐப்பசி மழைக்கு முன் எங்கள் இணைப்புச் சாலையைச் செப்பனிட்டுத் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓடைக்கு இக்கரையில் குடியிருக்கும் ஒருவன்