பிரசவ வலியைப் பற்றி எட்டாம் மாதத்திலேயே பேசுங்கள்: மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மகப்பேறு மருத்துவர்களுக்கும் பிரசவப் பிரிவுகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

என் தங்கைக்கு இது எட்டாம் மாதம். போன வாரம் செக்கப்புக்குப் போனவள், வலியைக் குறைக்க என்னென்ன வழி இருக்கிறது, தனக்கு எது சரிவரும் என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் நேரம் வரும்போது பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்திருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்னால் வேறொரு மருத்துவமனையில் எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அந்த நேரம் வந்தபோது என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் குழந்தையின் முதுகு என் முதுகுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. வலி முழுக்க இடுப்பில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. எபிடியூரல், அதாவது இடுப்புக்குக் கீழே வலி தெரியாமல் இருக்க முதுகில் செலுத்தும் மருந்து, வேண்டும் என்று கேட்டேன். ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். பொடி எழுத்தில் இரண்டு பக்கம். முதல் பத்தியை முடிப்பதற்குள் அடுத்த வலி வந்துவிடும். அது அடங்கியதும் மறுபடி முதல் வரியிலிருந்து. ரத்த அழுத்தம் குறையலாம், காலைத் தூக்க முடியாமல் போகலாம், பிறகு தலைவலி வரலாம் என்றெல்லாம் இருந்தது. எத்தனை பேருக்கு வரும், வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்க எனக்கு மூச்சு இல்லை. ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டபோது மயக்க மருந்து டாக்டர் ஓர் அவசர சிசேரியனுக்குப் போயிருந்தார். அவர் திரும்பியபோது கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்துவிட்டது. இனிமேல் வேண்டாம், முக்குங்கள் என்றார்கள்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே இன்னோர் உயிர். ஆனால் அந்த இரண்டு பக்கத்தையும் நான் எட்டாம் மாதத்தில் நிதானமாகப் படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கலாம்.

நடுவில் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனியப் பார்த்தேன். "மல்லாந்து படும்மா" என்று திருப்பிவிட்டார்கள். குழந்தை அப்படி இருக்கும்போது குனிந்த நிலை பலருக்கு முதுகு வலியைத் தணிக்கும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் கேட்கிறேன்: வலியைப் பற்றிக் கர்ப்ப காலத்திலேயே பேசுங்கள். எபிடியூரல், பெத்தடின் ஊசி, ஆக்சிஜனோடு கலந்து முகர்கிற நைட்ரஸ் ஆக்சைடு என்று பல வழிகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனையில் எது கிடைக்கும், இரவிலும் கிடைக்குமா, எதில் என்ன சிக்கல் என்று சொல்லுங்கள். மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, இடுப்பைத் தேய்த்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் முன்கூட்டியே பழகினால்தானே அன்றைக்குக் கைகொடுக்கும்?

நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளிலேயே இவை இருக்கின்றன: ஆரோக்கியமான பெண் வலி நிவாரணம் கேட்டால் எபிடியூரல், அவள் விரும்பும் ஒருவர் கூடவே இருப்பது, நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்கம். உங்களுக்குத் தெரியாததா?

பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பிரசவத்தில் கேட்டால் மட்டும் "எல்லாரும் பெத்துக்கலையா?" என்கிறார்கள். 1847-இல் ஸ்காட்லாந்து மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்கு ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்தபோதும், வலி இயற்கையானது, அதில் தலையிடக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. இன்றும் அந்த வார்த்தையை ஒரு பெண் கேட்க வேண்டியிருப்பது எனக்கு ஆறவே இல்லை. தாங்கினாள் என்பதற்காக அவளுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எவ்வளவு வேலை, எத்தனை இரவு தூக்கமில்லை என்பதை அந்த வார்டில் படுத்துக்கொண்டே பார்த்தவள் நான். பணிவாகத்தான் கேட்கிறேன். ஒரு செக்கப்பில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒப்புதல் படிவத்தின் நகலை அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்புங்கள்.

என் தங்கைக்கு அடுத்த செக்கப் இரண்டு வாரத்தில். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவாள். இந்த முறை பதில் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு குழந்தையின் அம்மா