பனங்கொட்டை நட்ட ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

நீ கதைத்து ஐந்து கிழமையாகிறது. வேலை கூட என்று அம்மா சொல்கிறா. சரி.

நீ அனுப்பிய படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். உணவு வங்கியில் பேரன் ஒரு மீன் ரின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்கிறான். அவனுடைய முன்பள்ளியால் தாய் தகப்பனும் பிள்ளைகளுமாகச் சனிக்கிழமைகளில் போய் ரின் அடுக்கிக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தாய். நல்ல விஷயம். "ரின் அடுக்கவா கனடாவுக்குப் போனாய்" என்று அன்றைக்கு நான் கேட்டதை மனதில் வைத்திருக்காதே. மருமகனுக்கு வேலை எப்படிப் போகிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கேயும் அதே மாதிரி ஒன்று நடந்தது. போன ஞாயிறு எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் குளக்கட்டில் பனங்கொட்டை நட்டார்கள். சனசமூக நிலையத்தால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சண்டைக் காலத்தில் பங்கருக்கென்று தறித்த பிறகு அந்தக் கட்டு மொட்டையாகத்தான் கிடக்கிறது, உனக்குத் தெரியும். கிழங்குக்கு என்றால் பாத்தி போட்டு நெருக்கி அடுக்கலாம். மரமாக வர வேண்டுமென்றால் தள்ளித் தள்ளி நட்டு, பிறகு கிளறாமல் விட வேண்டும். இதை நாலு வயதுக்கு யார் விளங்கப்படுத்துவது? தகப்பன் அலவாங்கால் கிண்ட, பிள்ளை கொட்டையைப் போட்டு, உடனே வெளியே எடுத்து "முளைச்சிட்டுதோ" என்று பார்க்கிறது. காய்க்க 12, 15 வருடம் போகும் என்று நான் சொல்ல, ஒரு தாய் சிரித்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மழைக்குள் ஒரு சின்னப் பெட்டை தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குழிக்குள் ஊற்றினாள். நீல மூடிப் போத்தல். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை, பிள்ளை.

1995 ஒக்ரோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவு. உனக்கும் அப்போது நாலு வயது. விடிந்தும் நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நகரவில்லை. நீ சைக்கிள் பாரில். பக்கத்தில் நின்ற பெடியன் உன் போத்தலையே பார்த்தான். நீயாகத் திறந்து நீட்டினாய். நான் பறித்தேன். கையில் ஒரு அடியும் போட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோதும் போத்தலில் பாதித் தண்ணீர் இருந்தது. நான் வாத்தியார் வேறு.

பேரனைக் கூட்டிக்கொண்டு போ. தொப்பி போட்டுவிடு, சளி பிடிக்கும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வருகிற ஆளிடம் கொடுத்திருக்கிறேன். சீட்டுக் காசும் கையில் சும்மா கிடக்கிறது, எங்களுக்கு இங்கே என்ன செலவு.

அடுத்த முறை படம் எடுக்கும்போது மேசை முழுக்கத் தெரிய எடு. நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று இதில் தெரியவில்லை.

அப்பா