நில அளவைப் பட்டமும் களப்பயிற்சியும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

மாணவர்கள் படித்து முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டுகளை (பாட மதிப்பு அலகுகளை) கணக்கில் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான 'ஸ்வயம்' தளத்தில் மாணவர்கள் படித்து, அந்தக் கிரெடிட்டுகளைத் தாம் பயிலும் கல்லூரிக்கு மாற்றிக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021-ஆம் ஆண்டு விதிமுறைகள் வழிசெய்துள்ளன. டிப்ளமோ முடித்து நில அளவையில் பணியாற்றிக்கொண்டே பட்டம் பெற விரும்புவோருக்கு இது நல்ல வாய்ப்பு. பிழைக் கணக்கீடு, தொலையுணர்வு (செயற்கைக்கோள் முதலியவற்றின் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்தல்), நிலச் சட்டங்கள் ஆகியவற்றை வேலை முடிந்து வந்து வீட்டிலிருந்தே கற்கலாம். ஆனால், கள அளவையையும் கணினித் திரையிலேயே முடித்துவிடலாம் என்ற எண்ணம் பரவக் கூடாது. தொழில்நுட்பக் கல்விக்குச் செய்முறைப் பயிற்சியே முதுகெலும்பு என்பதைத் தொலைநிலைப் பொறியியல் பட்டங்கள் குறித்த 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

நான் டிப்ளமோ படித்தபோது, அளவை முகாமின் முதல் நாளில் கோணங்களை அளக்கும் கருவியான தியோடலைட்டின் மட்டக் குமிழியை நடுவில் நிறுத்த முக்கால் மணி நேரம் திணறினேன். உழுத வயலில் முக்காலியின் ஒரு கால் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை ஆசிரியர் குனிந்து தொட்டுக் காட்டிய பிறகே கவனித்தேன். (அன்று எடுத்த அளவுகள் அத்தனையும் வீண்.) எனவே, கோட்பாட்டுப் பாடங்களுக்குக் கிரெடிட் மாற்றத்தைத் தாராளமாக அனுமதிக்கும் பல்கலைக்கழகங்கள், களப்பயிற்சியை மட்டும் மாணவர் வசிக்கும் மாவட்டத்திலுள்ள அரசு பாலிடெக்னிக்கில் கோடை விடுமுறை முகாமாக நடத்தி, கருவியைக் கையில் கொடுத்தே தேர்வு வைக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற நில அளவர், தஞ்சாவூர்